அப்பாவுக்கு ஏன் பசிக்கவில்லை? ஈரல் நோயும் பசி ஹோர்மோன்களும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது. நெடுங்காலமாக நீரிழிவும் ஈரல் கொழுப்பும் இருந்து, இப்போது சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் நீரும் கட்டியிருக்கிறது. மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்குவதில்லை. நாலு வாய் உண்டதும் "போதும்" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். அம்மா முதலில் கெஞ்சுகிறார், பிறகு ஏசுகிறார், கடைசியில் குசினிக்குள் போய் அழுகிறார். பசி ஹோர்மோன் குறைந்ததால்தான் இப்படியா, அதை இரத்தத்தில் சோதிக்க முடியுமா, பசியைக் கூட்ட ஊசியோ பாணி மருந்தோ இருக்கிறதா என்பவை கேள்விகள்.

தங்கச்சி, மற்றவற்றுக்கு முன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை. அம்மாவின் சமையலிலும் குறை இல்லை. கொழும்பில் 18 வருடங்களாக ஈரல் நோயாளர்களின் உணவைக் கவனிப்பதுதான் என் வேலை. "வீம்புக்குச் சாப்பிடாமல் இருக்கிறார்" என்று எத்தனையோ வீடுகளில் ஏச்சு நடந்ததைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மனிதருடைய மூளைக்கு நாலாவது வாயிலேயே "வயிறு நிரம்பிவிட்டது" என்ற செய்தி உண்மையாகவே போய்ச் சேர்கிறது. செய்திதான் பிழை, அதைக் கேட்டு நடக்கிற மனிதர் பிழை இல்லை.

அந்தச் செய்திகளைக் கொண்டுபோகிறவை ஹோர்மோன்கள். பசியைக் கூட்டுகிற பெரிய ஹோர்மோன் கிரெலின். 1999 இல் ஜப்பானியர்களான கொஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் உள்ள கலங்கள் அதைச் சுரக்கின்றன. சாப்பாட்டு நேரம் நெருங்க அதன் அளவு ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வயிறு தானாகக் கூப்பிடுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. எதிர்ப்பக்கத்தில் இருப்பது லெப்டின். 1994 இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழு அதைக் கண்டுபிடித்தது. உடற்கொழுப்பு அதைச் சுரந்து, "கையிருப்பு போதுமானது, இனித் தேட வேண்டாம்" என்று மூளைக்குச் சொல்கிறது. இவற்றைவிட, உணவு குடலுக்குள் இறங்கும்போது குடற்சுவரிலிருந்து கிளம்பும் சி.சி.கே., பி.வை.வை., ஜி.எல்.பி.1 என்ற மூன்றும் "நிறுத்து" என்று சொல்கிறவை. எல்லாம் போய்ச் சேருகிற இடம் மூளையின் அடியில் உள்ள ஹைபோதலமஸும், அதற்குக் கீழே உள்ள மூளைத் தண்டும்.

ஈரல் இந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் ஈரலுக்குள் புகுந்து வடிகட்டப்பட்ட பிறகுதான் இதயத்துக்குப் போக வேண்டும். சிரோசிஸில் ஈரல் தழும்பேறி இறுகிவிடுவதால் அந்த இரத்தம் உள்ளே போக இடமில்லாமல் பக்க வழிகளைப் பிடிக்கிறது. கொழும்பில் காலி வீதி மறிபட்டால் வாகனங்கள் குறுக்கு ஒழுங்கைகளுக்குள் நுழைவது போலத்தான். அப்போது ஈரலில் வடிகட்டப்பட்டிருக்க வேண்டிய குடற்கிருமிகளின் நச்சும் உடலெங்கும் பரவுகிறது. உடல் அதை ஒரு தொற்றாகவே எடுத்துக்கொண்டு அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. காய்ச்சல் வந்தால் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது அல்லவா? அந்த நிலை சிறிய அளவில், ஆனால் நாள் முழுவதும், மாதக் கணக்கில் அப்பாவுக்கு நீடிக்கிறது.

லெப்டினில் ஒரு கொடுமை நடக்கிறது. உடல் மெலிய மெலிய அது குறைய வேண்டும். குறைந்தால்தான் மூளை பசியைக் கிளப்பும். சிரோசிஸ் நோயாளர் பலரில், மிச்சமுள்ள கொழுப்புக்குப் பொருந்தாத அளவு லெப்டின் இரத்தத்தில் நிற்கிறது. கழிவாக வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் அதைச் சரியாக அகற்றுவதில்லை. தோள்பட்டை எலும்பு தெரிகிற மனிதருடைய மூளைக்குக் "கையிருப்பு நிறைய இருக்கிறது" என்று கணக்கு போகிறது.

கிரெலின் விடயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் அது குறைந்திருந்தது, சிலவற்றில் நோய் முற்றியவர்களிடம் கூடியிருந்தது. கூடியிருந்தும் அவர்களுக்குப் பசி இல்லை. உங்கள் முதற் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. "ஹோர்மோன் குறைந்துவிட்டது, ஏற்றிவிட்டால் சரி" என்கிற தைரொயிட் குறைபாடு போன்ற எளிய கணக்கு இதில் செல்லாது. கூப்பிடுகிற குரல் இருந்தாலும், அதற்கு மேலாக "போதும்" என்று பல குரல்கள் ஒன்றாகச் சத்தமிடுகின்றன. சோதனை பற்றிய கேள்விக்கும் இதுவே பதில். கிரெலினில் வேலை செய்கிற வடிவம் இரத்தத்தில் விரைவாகச் சிதைந்துவிடும். எடுத்த குழாயைத் தனியாகப் பக்குவப்படுத்தாவிட்டால் எண்ணே பிழைக்கும். சரியான எண் வந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். மனமார்ந்துதான் சொல்கிறேன்.

இன்னொரு ஹோர்மோனை அறிந்த பிறகு நானே நோயாளர்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அதன் பெயர் ஜி.டி.எப்.15. உடலின் கலங்கள் நெருக்கடியில் மாட்டும்போது அதைச் சுரக்கின்றன; நோயுற்ற ஈரலும் சுரக்கிறது. அதை ஏற்கும் வாங்கி மூளைத் தண்டில், குமட்டலை உண்டாக்குகிற இடத்தில் இருக்கிறது என்று 2017 இல்தான் கண்டறிந்தார்கள். கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் இதே ஹோர்மோன்தான் பெரிய காரணம் என்று 2023 இல் தெரியவந்தது. அம்மா உங்களைச் சுமந்த காலத்தில் தாளித வாசனைக்கே ஓங்காளித்திருப்பார். அந்த அருவருப்பை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார். "அப்பாவுக்கு இப்போது கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். எந்த விளக்கத்தையும்விட அது அவருக்குச் சட்டென்று விளங்கும்.

ஹோர்மோன்களுக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி தினமும் மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வந்து, அடுக்குச் சட்டியில் சோறும் பருப்பும் மீன் குழம்பும் கொண்டுவருவார். அவர் நாலு வாய் உண்பார். பிறகு இடது கையை விலாவுக்குக் கீழே வைத்து, மூச்சை இழுத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். மனைவி மூடியை ஒன்றும் பேசாமல் இறுக்கி மூடுவார். ஒரு புதன்கிழமை காலையில் அவருடைய வயிற்றிலிருந்து ஐந்து லீற்றர் நீரை ஊசி வழியாக எடுத்தார்கள். அன்று மாலை நாலு மணிக்கு நான் வார்டுக்குள் போகிறேன், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மாலு பாணை முழுவதும் தின்றுகொண்டிருக்கிறார். மனைவி அருகில் நின்று, கண் இமைக்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு மாலைக்குள் ஹோர்மோன் ஒன்றும் தலைகீழாக மாறியிருக்காது. இரைப்பை விரிய இடம் கிடைத்தது, அவ்வளவுதான். வயிற்று நீர் வெளியிலிருந்து அழுத்தும்போது இரைப்பை தளர்ந்து உணவுக்கு இடம்விட முடிவதில்லை. ஆகவே அப்பாவின் வயிறு இறுக்கமாக இருந்தால், பசிக்கு மருந்து கேட்பதற்கு முன் நீரைக் குறைப்பது பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

நாக்கும் ஒரு காரணம். சிரோசிஸ் நோயாளரிடம் துத்தநாகம் என்ற தாதுச்சத்து அடிக்கடி குறைந்திருக்கும். அது குறைந்தால் ருசி மங்கும். அதன்மேல் உப்பையும் நாம் குறைத்துவிடுகிறோம். வயிற்றில் நீர் உள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் போகக் கூடாது என்பது சரியான அறிவுரை. கருவாடு, மாசி, அச்சாறு, சோயா சோஸ், பக்கற் சூப் ஆகியவற்றை நிறுத்துவதும் சரி. ஆனால் உப்பே இல்லாமல் சமைத்து, அதனால் அவர் உண்ணாமலே விடுவாரானால் நட்டம்தான் மிச்சம். தேசிக்காய்ப் புளி, மிளகு, சீரகம், இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். புளிப்பு இப்படிப்பட்டவர்களின் நாக்கை எழுப்பும் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். மலம் இலகுவாகப் போகக் கொடுக்கும் லக்ருலோஸ் பாணியும் வயிற்றை ஊத வைக்கும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது; நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிற அளவுக்கு வைத்தியர் சரிசெய்து தருவார்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். பசி என்கிற கடிகாரம் நின்றுவிட்டது. ஆகவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும். "பசித்தால் கேளுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், அவர் கேட்கமாட்டார். மூன்று பெரிய நேரங்களுக்குப் பதிலாக ஆறு சிறிய நேரங்கள். காலை ஆறரை, ஒன்பதரை, மத்தியானம், மாலை நாலு, இரவு ஏழரை, கடைசியாகப் படுக்கப்போகும் முன். சுகமான ஈரல் ஏறக்குறைய 100 கிராம் மாச்சத்தைச் சேமித்து வைத்து, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு விடும். சுருங்கிய ஈரலில் அந்தக் களஞ்சியம் ஏறத்தாழ வெறுமை. இரவு எட்டுக்கு உண்டு காலை எட்டுக்கு எழும்புகிற சிரோசிஸ் நோயாளரின் உடல், சுகமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்குப் போய்விடுகிறது. அப்போது உடல் தன் தசையையே உடைத்து எரிக்கும். தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஈரல் தவறவிடுகிற அமோனியாவை அதுதான் ஏந்திக்கொள்கிறது. தசை கரைந்தால் அமோனியா மூளைக்கு ஏறும், குழப்பமும் தூக்க மாற்றமும் வரும்.

அதனால் ஆறு நேரங்களில் ஒன்றைத்தான் உங்களால் காப்பாற்ற முடியும் என்றால், படுக்கைக்கு முந்தியதைக் காப்பாற்றுங்கள். நியூசிலாந்தில் 103 நோயாளர்களை 12 மாதம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2008 இல் வெளியானது. ஒரே அளவு மேலதிக ஊட்டப் பானம், நாளுக்கு 710 கிலோகலோரி. ஒரு பாதிப் பேர் பகலில் குடித்தார்கள், மற்றவர்கள் இரவில் குடித்தார்கள். இரவில் குடித்தவர்களுக்குச் சுமார் இரண்டு கிலோ தசைப் பகுதி சேர்ந்தது. பகலில் குடித்தவர்களுக்குச் சேரவில்லை. அந்தப் பானத்தின் விலையை நினைத்துக் கலங்க வேண்டாம். இரண்டு துண்டுப் பாண், ஒரு அவித்த முட்டை, ஒரு கோப்பைப் பால் போதும். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் வைக்கலாம். குரக்கன் கஞ்சியில் பால் சேர்த்துக் கொடுக்கலாம். அப்பாவுக்கு நீரிழிவும் இருப்பதால், இரவு உணவு ஒன்று கூடுகிறது என்பதை நீரிழிவுக் கிளினிக்கிலும் சொல்லி மருந்தின் அளவைச் சரிபாருங்கள். சீனி ஏறும் என்று பயந்து அந்த உணவை நிறுத்த வேண்டாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதற்கு முதலில் உண்மையான நிறை தெரிய வேண்டும். தராசு 70 கிலோ காட்டலாம். அதில் நீரும் இருக்கிறது. நடுத்தர அளவு வயிற்று நீருக்கு நூற்றுக்குப் பத்தும், கால் வீக்கத்துக்கு இன்னும் ஐந்தும் கழித்தால் ஏறக்குறைய 60 வரும். ஒரு கிலோவுக்கு 30 முதல் 35 கிலோகலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது உலகெங்கும் ஏற்ற கணக்கு. அப்படியானால் 1,800 முதல் 2,100 கிலோகலோரியும், 72 முதல் 90 கிராம் புரதமும். இரண்டு முட்டையில் 12 கிராம், உள்ளங்கை அளவு மீனில் 20 கிராமுக்கு மேல், ஒரு கோப்பை கெட்டிப் பருப்பில் 15, இரண்டு கோப்பைப் பாலில் 12. மிச்சத்தைச் சோறு, பாண், தயிர், கடலை தந்துவிடும்.

"ஈரல் நோயாளிக்குப் புரதம் கூடாது, முட்டை மீனை நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய அறிவுரை. அமோனியா பயத்தில் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னார்கள். இப்போதைய வழிகாட்டல்கள் அனைத்தும் அதைக் கைவிட்டுவிட்டன. மயக்கக் குழப்பம் வருகிறவர்களுக்குக்கூடப் புரதத்தைக் குறைப்பதில்லை. பருப்பு, பயறு, பால், தயிர் பக்கமாகக் கூட்டிக்கொடுப்பார்கள். இந்தப் பழைய பேச்சால் கரைந்துபோன புயங்களை நான் நிறையவே பிடித்துப் பார்த்திருக்கிறேன். கோபம் வருகிறது.

அதே அக்கறையோடு விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், கந்த சஷ்டி, முஸ்லிம் குடும்பங்களில் ரமழான் நோன்பு, எதுவாக இருந்தாலும் சிரோசிஸ் உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. யாரும் கவனிக்காத இன்னொரு விரதம் கிளினிக் நாள். முதல்நாள் இரவு எட்டுக்குச் சாப்பிட்டு, "இரத்தம் எடுப்பார்கள்" என்று தேநீரும் குடிக்காமல் விடிய ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, மத்தியானம் ஒரு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். 17 மணி நேரம்! பிலிருபின், அல்புமின் போன்ற ஈரல் சோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வெறும் வயிற்றுச் சீனிக்கும், ஸ்கேனுக்கும், வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனைக்கும்தான் தேவை. எந்தச் சோதனை என்று முன்னதாகவே கேளுங்கள். பையில் வாழைப்பழமும் முட்டையும் பாணும் இருக்கட்டும். இரத்தம் எடுத்து முடிந்ததும் அங்கேயே சாப்பிட வையுங்கள்.

ஊசியும் பாணியும் பற்றி. கிரெலின் போலவே வேலை செய்யும் அனமொரெலின் என்ற மாத்திரையை 2021 இல் ஜப்பான் புற்றுநோயால் மெலிகிறவர்களுக்காக அனுமதித்தது. ஈரல் நோயாளருக்கான மருந்து அது இல்லை. பார்மசிகளில் "பசி மருந்து" என்று கேட்டு வாங்குகிற சைப்ரோஹெப்டடீன் ஒவ்வாமைக்கான மருந்து. அது தூக்கத்தை உண்டாக்கும். ஈரல் நோயாளர் தூங்கி வழிந்தால் அது மருந்தாலா, மூளைக்கு அமோனியா ஏறியதாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். வாங்காதீர்கள். நாட்டு மருந்தில் சீந்தில் கொடியைக் கஷாயமாக வைப்பார்கள். சிங்களவர் ரசகிந்த என்பதும் இதைத்தான். கொரோனாக் காலத்தில் அதைத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை இந்திய வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சுருங்கிய ஈரலில் இப்படிப் பரீட்சித்துப் பார்க்க இடமில்லை.

இதற்கு நேர்மாறாக, பசியைக் குறைக்கிற ஊசி பற்றியும் இப்போது கொழும்பில் பலர் கேட்கிறார்கள். ஜி.எல்.பி.1 ஐப் போலச் செயற்படும் செமாகுளுடைட்டை, ஈரல் கொழுப்பால் அழற்சியும் தழும்பும் வந்து, ஆனால் சிரோசிஸ் வரை போகாதவர்களுக்கு 2025 இல் அமெரிக்கா அனுமதித்தது. அப்பாவின் நிலை அதைத் தாண்டிவிட்டது. நீரிழிவுக்காக யாராவது அதைப் பரிந்துரைத்தால், அப்பா சாப்பிடாமல் மெலிகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கும் உங்கள் சகோதரர்களுக்கும் இது பயன்படக்கூடிய செய்தி. ராகமையில் களனிப் பல்கலைக்கழகம் 2007 இல் செய்த ஆய்வில், நகர்ப்புற வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரல் கொழுப்பு இருந்தது. அந்த நிலையில் லெப்டின் நிறைந்திருந்தும் மூளை அதைக் கேட்பதில்லை, பசி அடங்காது. உங்கள் ஈரலையும் ஒருமுறை பாருங்கள்.

பசியின்மை மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று விழுந்ததா என்பதையும் கவனியுங்கள். நேற்றுவரை ஓரளவு உண்டவர் இன்று ஒன்றுமே தொடவில்லை என்றால், வயிற்று நீரில் கிருமி தொற்றியிருக்கலாம், உள்ளே இரத்தம் கசியலாம். காய்ச்சல், வயிற்று வலி, தார் போன்ற கறுப்பு மலம், பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சில் தடுமாற்றம், இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். நாலு நாட்களுக்கு, அப்பா எத்தனை மணிக்கு என்ன உண்டார், எவ்வளவு மிச்சம் வைத்தார், எத்தனை தடவை மலம் போனது, காலையில் நிறை எவ்வளவு என்று எழுதட்டும். "சாப்பிடுகிறார் இல்லை" என்று சொன்னால் நெரிசலில் யார் காதிலும் ஏறாது. கொப்பியைப் பிரித்து மேசையில் வைத்தால் வைத்தியர் படிப்பார்; போசணை வைத்தியரிடம் அனுப்பும்படி நீங்களும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.